மோர் குடித்த கறிவேப்பிலை

அந்தப் பூச்சியை நான் முதன்முதலில் பார்த்தது என் சமையலறையில், முறத்தில் ஆய்ந்து போட்டிருந்த கறிவேப்பிலையில். எள்ளைவிடக் கொஞ்சம் நீளம், பழுப்பு நிறம். தலையைக் கொழுந்தில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, சாய்வாக நின்றது. கீழே விழுந்து கும்பிடப் போகிறவர் பாதியில் அப்படியே நின்றுவிட்டதுபோல் இருந்தது. ஊதிப் பார்த்தேன். துள்ளி இன்னொரு கொழுந்துக்குப் போய், மறுபடி அதே கும்பிடு.

“என்னங்க, இங்க வந்து பாருங்களேன்” என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் பேப்பர் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்துவிட்டு, “பூச்சிதானே? அலசிட்டுப் போடு. மணி எட்டாச்சு” என்றார்.

மணி எட்டானால் எங்கள் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. கல்கத்தாவில், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து படிப்புக்கும் ஐ.டி. வேலைக்கும் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். டப்பாக்களுக்கு மூடி போடுவதும் பெயர் ஒட்டுவதும் அவர் பொறுப்பு. நான் எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன். பூச்சிகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அன்று அலசிப் போட்ட பிறகும் அந்தக் கும்பிடு மனத்தைவிட்டுப் போகவில்லை. எதற்காக அப்படி நிற்கிறது?

அந்தக் கறிவேப்பிலை கடையில் வாங்கியதில்லை. பாருய்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு பழத்தோட்டத்தில், குளத்தங்கரையில், நானே நட்டு வளர்த்தது. அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் போனதே வில்வத்துக்காக. திங்கட்கிழமை தவறாமல் சிவனுக்கு வில்வம் சாத்துவது என் வழக்கம். திங்களன்று வில்வம் பறிக்கக் கூடாது, முதல் நாளே பறித்து வைக்க வேண்டும். கரியாஹாட் சந்தையில் விற்பது பாதி கிழிந்திருக்கும். மூன்று இதழும் முழுசாக இருக்கும் இலை பத்தில் ஒன்று தேறாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் ரயில் ஏறித் தேடிப்போய், கடைசியில் இந்தத் தோட்டத்து மரத்தடியில் நின்றோம். தோட்டக்காரரின் மனைவி வெளியே வந்தார். “சிவனுக்கா? பறிச்சுக்கோங்க திதி, எங்களுக்கும் அவர்தானே” என்றார். அவர்கள் பேசியது வங்காளம். நான் பேசியது வங்காளமும் இந்தியும் கலந்த ஏதோ ஒன்று. இங்கே எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதுகிறேன். அன்றிலிருந்து நான் அவருக்கு திதி, அதாவது அக்கா; அவர் எனக்கு பௌதி, அதாவது அண்ணி. அவர் கணவர் தாதா, அண்ணன்.

தாதாவின் தோட்டத்தில் முன்பு கொய்யாதான் இருந்தது. ஒரு புயலில் எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் அவர் கந்தராஜ் எலுமிச்சைக் கன்றுகள் நாற்பது வைத்தார். நீளமான காய், தோலைக் கீறினாலே தெரு முழுக்க மணக்கும். இங்கே சோற்றுக்கும் பருப்புக்கும் அதைப் பிழியாமல் சாப்பிட மாட்டார்கள். முதல் வசந்தத்தில் கன்றுகள் ஒரு முழம் வளர்ந்தன. அந்த மழைக்காலத்தில்தான் நான் கேட்டேன்: “தாதா, குளத்தங்கரையில கொஞ்சம் கறிவேப்பிலை வெச்சுக்கட்டுமா?” அவர் யோசிக்கவே இல்லை. தெற்கே வெயில் படும் கரையைக் காட்டினார். பதினெட்டுக் கன்று வைத்தேன்.

கறிவேப்பிலைக்கு எங்கள் வீடுகளில் என்ன செய்வோமோ அதையெல்லாம் செய்தேன். கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன், அப்போதுதான் பக்கவாட்டில் தழையும். புளித்த மோரைத் தண்ணீர் விட்டு நீர்க்க விளாவி வேரில் ஊற்றினேன். சாப்பாட்டுக்கு உறை ஊற்றுவதில் வாரம் முழுக்க மிஞ்சும் மோர் ஒரு கேன் நிறையச் சேரும். அதைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறினால் சுற்றியிருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.

“மாசிமா, உங்க தயிர் கெட்டுப்போச்சு” என்று ஒரு பெண் ஒருநாள், சித்தியைக் கூப்பிடுவதுபோல, மெதுவாகச் சொன்னாள்.

“தெரியும்மா. செடிக்கு” என்றேன்.

“செடி என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள். பெட்டியே சிரித்தது.

பங்குனி வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும் என் மோர் மட்டும் நிற்கவில்லை. குளிர் நாளில் வேரைச் சுற்றி வைக்கோல்கூடப் போட்டேன். கல்கத்தாக் குளிரில் கறிவேப்பிலை இலை உதிர்த்து மொட்டையாகிவிடும் என்பார்கள். என்னுடையது உதிர்க்கவில்லை. அதில் எனக்குப் பெருமை.

முறத்தில் பூச்சியைப் பார்த்தது போன ஐப்பசியில். அடுத்த ஞாயிறு பூதக்கண்ணாடியையும் கொண்டுபோனேன். எலுமிச்சைக் கன்றுகளின் இளந்தளிரிலும் அதே பூச்சி, அதே கும்பிடு. தளிர்கள் சுருண்டு, பிசுபிசுத்து, மேலே கரி படிந்ததுபோல் இருந்தன.

“இதுதான் தாதா என் சமையலறைக்கு வந்தது!” என்றேன், ஏதோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி.

தாதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “ரெண்டு வருஷமா என் உயிரை வாங்குறது இதுதான். முழுசா நீண்ட இலையை ஒண்ணும் பண்றதில்ல. தளிர் வந்தா மட்டும் மொய்க்குது. மருந்து அடிச்சா பத்து நாள் காணோம். அப்புறம் எங்கிருந்தோ வந்துடுது.”

“எங்கிருந்து?”

“அது தெரிஞ்சா நான் ஏன் வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்?”

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. வசந்தத்தில் வருவதுதான் கன்றுக்குப் பெரிய தளிர்ப்பு. கடைசி இரண்டு வசந்தமும் பாழ். கன்றுகள் இடுப்பளவிலேயே நிற்கின்றன. வரப்போகும் வசந்தமும் இப்படிப் போனால் பிடுங்கிப் போட்டுவிட்டு, கரியாஹாட்டில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிடுவது என்று தாதா முடிவு செய்திருந்தார். பௌதியின் தம்பி அங்கே சொல்லி வைத்திருந்தார். தாதா இதைச் சொல்லும்போது பௌதி எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வில்வம் பறித்த கையோடு நாற்பது கன்றையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஊரிலிருந்து என் கொழுந்தனார் அனுப்பும் தினசரி காலண்டர் வீட்டில் உண்டு. கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்: ‘நல்ல மழை. பூச்சிக் குஞ்சு இல்லை.’ ‘தூறல். தளிர் நிறைய. பூச்சியும் நிறைய.’ ‘மழை இல்லை, தளிர் இல்லை, பூச்சி கொஞ்சம்.’

இதைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மழை வந்தால் பூச்சி வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இலேசான தூறல் தளிரை வரவழைக்கிறது, பூச்சியை ஒன்றும் செய்வதில்லை. அதுதான் அதற்குக் கொண்டாட்டம். அடித்துப் பெய்யும் மழையோ குஞ்சுகளை அலசிக் கீழே தள்ளிவிடுகிறது. ஒரே வானம்தான், ஒரே தண்ணீர்தான். மெல்ல வருவதும் வேகமாக வருவதும் இத்தனை வித்தியாசம் செய்கிறது. பூஜை அறையில் விளக்கேற்றும்போதுகூட இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பகவான் எதை எதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்!

கார்த்திகையில் குளிர் இறங்கியது. எலுமிச்சை இலைகள் தடித்து, புதுத் தளிர் நின்றது. மார்கழியில் நாற்பது கன்றிலும் தேடினேன். ஒரு பூச்சி இல்லை.

“குளிர்ல செத்துடுச்சு” என்றார் தாதா.

“செத்துட்டா மாசியில எப்படி வரும்?”

“மண்ணுக்குள்ள இருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர், தெரிந்தவர்போல.

மண்ணைக் கிளறிப் பார்த்தேன். இல்லை. பௌதி மீன் கழுவிக்கொண்டே சிரித்தார். “நல்லாத் தேடுங்க திதி. லீவு விட்டா நம்ம பிள்ளைங்க மாமா வீட்டுக்குப் போற மாதிரி அதுக்கும் ஒரு மாமா வீடு இருக்கும்.”

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. வழக்கம்போல் மோர்க் கேனோடு போனேன். பனி விலகி, குளத்தின் தெற்குக் கரையில் வெயில் இளஞ்சூடாக விழுந்திருந்தது. கறிவேப்பிலைக் கொழுந்தைக் கிள்ளக் கை வைத்தேன். மணிக்கட்டில் ஏதோ பொடிப்பொடியாகத் தெறித்தது. துள்ளியவை எல்லாம் அந்தப் பூச்சிகள்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கொழுந்திலும் மஞ்சளாகக் குஞ்சுகள், வாலில் வெள்ளைப் பஞ்சு நூலோடு, ஒன்றின் மேல் ஒன்றாக. எலுமிச்சைப் பக்கம் ஓடினேன். அங்கே தளிரும் இல்லை, பூச்சியும் இல்லை. மறுபடி கறிவேப்பிலைக்கு வந்தேன். சுற்றுவட்டாரமே குளிரில் தூங்கும்போது, தோட்டம் முழுவதிலும் பச்சைப் பசேலென்று கொழுந்து விட்டிருப்பது என் பதினெட்டுச் செடிதான். நான் கிள்ளிக் கிள்ளித் தழைக்க வைத்தவை. நான் மோர் ஊற்றியவை.

மாமா வீடு நான்தான்.

குளத்தங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதல் வசந்தம் நன்றாக இருந்ததும், நான் செடி வைத்த பிறகு இரண்டு வசந்தம் கெட்டதும் அப்போதுதான் வரிசையாக நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். சொன்னேன்.

அவர் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “தாதா நம்மளைக் கேட்கலையே. பேசாம செடியை ஒவ்வொண்ணா எடுத்துட்டா என்ன?” என்றார்.

பொய் சொல்லமாட்டேன், எனக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆனால் மடியில் மறுநாள் பூஜைக்கான வில்வம் இருந்தது. அந்த மனிதர் மரத்தில் பறித்த இலை. இதை மறைத்துக்கொண்டு அதை எப்படிச் சாத்துவேன்?

தாதா வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுந்து வந்து, கண்ணாடியை வாங்கி, பதினெட்டுச் செடியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.  பௌதிதான் பேசினார்.

“ரெண்டு வருஷத்துக்கு மேல மோர் ஊத்தி வளர்த்தீங்களா, திதி? ரயில்ல தூக்கிட்டு வந்தா?”

“ஆமா பௌதி.”

“எங்க வீட்டு ஆம்பளை வெயில்ல முதுகு காய மருந்து அடிக்கிறார், நீங்க இந்தப் பக்கம் அதுக்கு விருந்து வைக்கிறீங்க!” சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். முகம் மாறிவிட்டது. “உங்க சாம்பார் மணக்கணும்னு என் வீடு காலியாகணுமா?”

எனக்கு அழுகை வந்தது.

தாதா கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். “இரு, இரு. கறிவேப்பிலையில மட்டுமா? வேற எதுல இருக்குன்னு முதல்ல பார்ப்போம்.”

நான்கு பேரும் தோட்டத்தை ஒரு சுற்று வந்தோம். மாங்கன்றில் இல்லை, நாவலில் இல்லை, வாழையில் இல்லை. வாசல் பக்கத்துக் காமினிப் புதரில் இருந்தது. காமினி வெள்ளையாகப் பூக்கும் செடி, நல்ல வாசனை. பௌதி தினமும் அந்தப் பூவைத்தான் சாமிக்கு வைப்பார். அதன் வெயில் பக்கத்தில் நாலைந்து தளிர், அவற்றில் ஏழெட்டுப் பூச்சி. பௌதி அந்தத் தளிரை விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

எலுமிச்சை, கறிவேப்பிலை, காமினி. ஏன் இந்த மூன்று மட்டும்? வீட்டுக்காரர்தான் மூன்று இலையையும் கசக்கி முகர்ந்து பார்த்தார். வாசனை வேறு வேறு, ஆனால் மூன்றுமே மூக்கில் ஏறும் வாசனை. நான் இலைகளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஊசியால் குத்தியதுபோல் மூன்றிலும் பொடிப்பொடிப் புள்ளிகள், வெளிச்சம் ஊடுருவும் புள்ளிகள். மா இலையில் அது இல்லை. ஒரே வம்சம் என்று பார்த்தவுடன் பட்டது. எங்கெங்கோ பிறந்து, ஒன்று குழம்புக்கும் ஒன்று பூஜைக்கும் ஒன்று பருப்புக்கும் என்று பிரிந்துபோன பங்காளிகள். பூச்சிக்கு மட்டும் அந்த உறவு தெரிந்திருக்கிறது.

அப்போது எனக்கு ஒரு பயம் பிடித்தது. மடியிலிருந்து ஒரு வில்வத்தை எடுத்து வெயிலுக்குப் பிடித்தேன். அதிலும் புள்ளிகள்.

தாதா என் முகத்தைப் பார்த்துவிட்டு வில்வ மரத்தடிக்குப் போனார். எட்டும் கிளைகளையெல்லாம் வளைத்துப் பார்த்தார். இலைகள் முற்றி மஞ்சளாகிக்கொண்டிருந்தன. தளிரே இல்லை, பூச்சியும் இல்லை. “மழைக்காலத்துல பட்டாம்பூச்சிப் புழு ரெண்டு இருக்கும், அதோட சரி. பயப்படாதீங்க. இருந்தாலும் இதுல கத்தி வைக்க எனக்குத் தைரியம் வராது” என்றார்.

கறிவேப்பிலைக்கு அப்படி யாரும் பரிந்து பேசவில்லை. நானே சொன்னேன்: “வெட்டிடுங்க தாதா.”

“இன்னைக்கே வெட்டணும்” என்றார் அவர். “எலுமிச்சை இப்பத் தூங்குது. இப்ப இதுங்க வீட்டை இடிச்சா போறதுக்கு இடம் இல்ல. மாசியில இடிச்சா நேரா அங்கதான் குடிபோகும்.”

முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். பிறகு ஒவ்வொரு செடியையும் சாக்கால் மூடி, அடியோடு நறுக்கி, அங்கேயே எரித்தோம். கறிவேப்பிலை எரியும் வாசனை தாளிக்கும் வாசனைபோலவே இருந்தது.  கொண்டுபோன மோரை வரப்போரமாகக் கொட்டினேன். காமினியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது வாசலில் அது இடுப்பளவு குச்சியாக நின்றது. ஒரு தளிர்கூட இல்லை. பௌதி தானே வெட்டியிருந்தார். நான் அதைப் பார்த்ததைப் பார்த்து, “டீ குடிக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அதன் பின் கறிவேப்பிலை கடையில் வாங்கினேன், சிக்கனமாகப் போட்டேன். “ஆன்ட்டி, ரசத்துல கறிவேப்பிலையைத் தேட வேண்டியிருக்கு” என்று ஒரு பையன் டப்பாவில் சீட்டு எழுதி வைத்திருந்தான். “ஒதுக்கி வைக்கிறவனுக்கு எதுக்குடா தேடல்?” என்று வீட்டுக்காரர் அதன் கீழேயே எழுதி அனுப்பினார்.

மாசி பிறந்தது. தெற்குக் காற்று திரும்பியது, இரண்டு நாள் தூறியது. நாற்பது கன்றிலும் ஒரே வாரத்தில் தளிர் கிளம்பியது, சிவப்பும் பச்சையுமாக, கை படவே பயமாக. முதல் ஞாயிறு சுத்தம். இரண்டாவது ஞாயிறும் சுத்தம். தாதா பேசத் தொடங்கினார், அவராகவே பாட்டுக்கூட முணுமுணுத்தார். மூன்றாவது ஞாயிறு, கிழக்கு ஓரத்தில் ஐந்து கன்றில் பூச்சி. அடுத்த வாரம் அது பதினொன்று. முட்டை பொரிந்து குஞ்சுகள் தெரிந்தன.

“எங்கிருந்து? இங்கதான் எல்லாத்தையும் வெட்டியாச்சே!” என்றேன்.

தாதா வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார். அடுத்தவர் வீட்டு வாசலில் ஒரு காமினி, அதற்கடுத்த வீட்டிலும் ஒன்று. இந்த ஊரில் காமினி இல்லாத வாசல் ஏது?

“மச்சான் போன் பண்ணினார்” என்றார் தாதா. “சித்திரை ஒண்ணாந்தேதி வேலைக்கு வந்து நிக்கணுமாம்.” மருந்து அடிக்கலாமா என்று கேட்டேன். தளிர் இவ்வளவு இளசாக இருக்கும்போது அடித்துப் போன வருஷம் கருகிவிட்டதாகச் சொன்னார். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கினால் தளிர் முற்றிவிடும், முற்றிய இலையைப் பூச்சி தொடாது. அந்தப் பன்னிரண்டு நாள்தான் வேண்டியிருந்தது. வானத்தில் மேகம் இல்லை.

அந்தத் திங்கள் பூஜையில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஒரு ஜீவனைக் கொல்லு என்று கடவுளிடம் கேட்கலாமா? அதுவும் அவர் படைத்ததுதான், கும்பிட்டுக்கொண்டே நிற்கிறது. கடைசியில் மழை மட்டும் கேட்டேன். வேகமான மழை. மற்றதை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வில்வத்தைச் சாத்தினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வடமேற்கில் வானம் கறுத்தது. ஜாதவ்பூரில் ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. கொடியில் இருந்த துணி பக்கத்து மாடிக்குப் போனது. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. “அங்கயும் பெஞ்சிருக்குமா?” என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். “அங்கயும் வானம்தானே இருக்கு” என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் முதல் ரயிலில் போனோம். தோட்டம் சேறாகக் கிடந்தது. காற்றில் ஆறு கன்றின் தளிர்கள் முறிந்து தொங்கின. தாதா கிழக்கு ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தளிராகப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். நானும் பார்த்தேன். குஞ்சுகள் இருந்த இடத்தில் வெள்ளை நூல் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பெரிய பூச்சி ஒன்றிரண்டு இருந்தது. தளிரின் அடியிலிருந்து மேலே விரல் வைத்துத் தடவினேன். அடி இலைகள் தடிக்கத் தொடங்கியிருந்தன.

தாதா ஒரு தளிருக்குப் பக்கத்தில் முழங்கையை வைத்து அளந்தார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனியையும் தாண்டி இருந்தது. வேறொரு கன்றுக்குப் போய் அளந்தார். இன்னொன்று. பிறகு, சேற்றுக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, போனை எடுத்தார்.

“நான்தான். கேளு, அந்த வேலைக்கு வேற ஆளைப் பாரு... இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல... செடி நீண்டிருக்கு, அதை விட்டுட்டு வர முடியாது... உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. குளத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பௌதியின் கை நின்றிருந்தது. பிறகு அவர் குரல் வந்தது: “சேத்தோட யாரும் உள்ள வராதீங்க. குளிச்சிட்டு வாங்க. திதியும் அவங்க வீட்டுக்காரரும் இங்கதான் சாப்பிடுறாங்க.”

சோறும் பருப்பும் கீரையும் போட்டார். இலையோரத்தில் ஆளுக்கொரு துண்டு கந்தராஜ். தாதா அதை எடுத்து முகர்ந்து, “இது ஏது?” என்றார்.

“பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கினேன்” என்றார் பௌதி. “நீங்க வெச்ச நாப்பதுல இன்னும் ஒரு பூகூடப் பூக்கலையே. பேசாம பிழிஞ்சு சாப்பிடுங்க.”